மெற்றில்டா திறக்க முடியாத அலுமாரி

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தவக்காலம் தொடங்கிய புதன்கிழமை, நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வந்தபோது நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். ஒரு துவக்கு வாங்குவது, குண்டு போட்டுச் சுடுகிற துவக்கு. தவக்காலத்தில் மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள், சிகரெட்டை விடுவார்கள். நான் மட்டும் புதிதாக ஒன்றைப் பிடித்தேன். என்னுடைய துன்பத்தின் துவக்கம் அந்தத் துவக்குத்தான்.

என் பெயர் யாக்கோப்பு. லண்டனின் தெற்கே மிச்சம் என்ற ஊரில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்த எங்களுக்குக் கொழும்பு, பிராங்பேர்ட், பாரிஸ் எல்லாம் கைவிட்டுப் போய், மிச்சமாகக் கிடைத்தது மிச்சம். பார்சல் பிரிக்கிற கொட்டகையில் வேலை. மனைவி மெற்றில்டா சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமொன்றில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறாள். பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. அங்கே அவளுக்கு இருநூற்றைம்பது பிள்ளைகள். வீட்டில் நான் இருநூற்றைம்பத்தோராவது.

எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீடு ஒரு சிறைச்சாலை. சீனிப் போத்தல் ஒரு அலுமாரிக்குள். பிஸ்கட் இன்னொரு அலுமாரிக்குள். குளிர்பெட்டிக்குச் சைக்கிள் பூட்டு. எல்லாப் பூட்டின் திறப்பும் ஒரே சாவிக்கொத்தாக மெற்றில்டாவின் கழுத்தில், செபமாலையோடு சேர்ந்து தொங்கும். அவள் செபம் சொல்லும்போது திறப்புகள் கிலுங்கும். நானும் உருகித்தான் செபிப்பேன். மாதாவிடம் நான் கேட்டது மோட்சத்தின் திறப்பை அல்ல.

அப்போதுதான் டெரிக் வந்தான். என்னோடு பார்சல் பிரிக்கிற வெள்ளைக்காரன். பகலில் பார்சல், சனிக்கிழமையில் பிஸ்டல். மூடிப்போன ஒரு செங்கல் தொழிற்சாலையின் நிலவறையில் இயங்கிய பிஸ்டல் கிளப்புக்கு அவன்தான் காரியதரிசி. தேநீர் இடைவேளையில் எப்போதும் துவக்குப் பத்திரிகை படிப்பான். புதிதாக வந்த பிஸ்டல், பாரம் குறைந்த பிடி, இருட்டில் மினுங்குகிற குறி என்று ஒவ்வொரு படத்தையும் கல்யாணத் தரகர் பெண்ணின் படத்தைக் காட்டுகிற மாதிரிக் காட்டுவான். நான் மரியாதைக்குத் தலையாட்டுவேன்.

ஒருநாள் கடைசிப் பக்கத்தில் ஒரு அலுமாரியைக் கண்டேன். தடித்த உருக்கு. சுவரோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கிவிடலாம்.

"இது என்ன?" என்றேன்.

"துவக்கை வைக்கிற பெட்டி. இது இல்லாமல் பொலிஸ் லைசென்ஸ் தராது," என்றான் டெரிக்.

"திறப்பு?"

"லைசென்ஸ்காரனிடம் மட்டும். வேறு ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது."

"மனைவிக்கு?"

"மனைவிக்குத்தான் முக்கியமாகக் கொடுக்கக் கூடாது. சட்டம்."

வாசகர்களே, என்னுடைய கல்யாண வாழ்க்கையில் சட்டம் என் பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. பிஸ்டலை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அலுமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளப்பில் முதல் சனிக்கிழமை. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. டெரிக் எனக்குப் பக்கத்தில் நின்று ஒரு குண்டு சுட்டுக் காட்டினான். சத்தம் ஓய்ந்தபோது நான் சீமெந்து நிலத்தில் குப்புறப் படுத்திருந்தேன். ஊரில் பழகிய பழக்கம். உடம்பு என்னிடம் கேட்டுச் செய்யவில்லை.

"நிலை நன்றாகத்தான் இருக்கிறது, ஜேக்கப்," என்றான் டெரிக் குனிந்து பார்த்து. "ஆனால் இது நின்றுகொண்டு சுடுகிற போட்டி."

எழும்பி நின்றேன். இந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தாய், காசு கட்டி அதையே கேட்க வந்திருக்கிறாயே என்று மனம் கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் அலுமாரியை நினைத்துக்கொண்டேன். அதுவரை நான் சுட்டது தோசையும் அப்பமும்தான். அதையும் மெற்றில்டா கருகல் என்று சொல்லித் திருப்பித் தருவாள்.

ஆறு மாதம் கிளப்புக்குப் போய் வந்தபின், லைசென்ஸ் விசாரணைக்கு ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். மெற்றில்டா மீன் றோல்ஸ் பொரித்து வைத்தாள். அவருக்கு மூன்று. எனக்குச் சுடுதண்ணீர்.

அவர் அவளிடம் கேட்டார். "உங்கள் கணவர் கோபக்காரரா?"

"இவரோ? ஜாம் போத்தலின் மூடியையே திறக்க மாட்டார்."

"குடிப்பாரா?"

"நான் விட்டால்தானே, சேர்."

"இவர் துவக்கு வைத்திருப்பதில் உங்களுக்கு ஆட்சேபனை இருக்கிறதா?"

மெற்றில்டா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த இருதய ஆண்டவரைப் பார்த்தேன்.

"எனக்கு விருப்பமில்லை, சேர். அந்தச் சாமானைக் கண்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள். ஆனால் இந்த மனிசன் கலியாணம் கட்டி இருபது வருசத்தில என்னட்டை ஒண்டும் வேணுமெண்டு கேட்டதில்லை. இதைத்தான் கேட்கிறார். இருக்கட்டும்."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உத்தியோகத்தர் எழும்பும்போது, "அம்மா, திறப்பு எங்கே இருக்கிறது என்பதுகூட உங்களுக்குத் தெரியக்கூடாது," என்றார்.

"ஓம் சேர்," என்றாள் மெற்றில்டா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

சின்ன ரகப் பிஸ்டல் ஒன்று வாங்கினேன். அது அலுமாரியின் கீழ்த் தட்டில் ஒரு மூலையில் கிடந்தது. மேல் தட்டு முழுக்க மஸ்கற்.

இரண்டு தெரு தள்ளி றோஸ்மலர் என்றொரு பெண் இருந்தாள். எங்கள் கோயில்காரிதான். வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பாள். சனிக்கிழமை கிளப்பால் வரும் வழியில் அவளிடம் நெய் மினுங்குகிற மஸ்கற் அல்வா ஒரு பெட்டி வாங்கிப் பிஸ்டல் பையின் அடியில் வைத்துக் கொண்டுவருவேன். பின்னேரங்களில் மெற்றில்டா கூப்பிட்டால், அறைக்குள்ளிருந்து, "துவக்குத் துடைக்கிறன்!" என்பேன். அந்தப் பிஸ்டலைப் போல லண்டனில் எந்தப் பிஸ்டலும் துடைக்கப்பட்டிருக்காது. மஸ்கற்றில் மெல்லிய கசப்பு ஒன்று இருந்தது. லண்டன் மாவின் குணம் என்று நினைத்தேன்.

அதைவிட அதிசயம் ஒன்று நடந்தது. அடுத்த தடவை இரத்தம் சோதித்தபோது சீனி இறங்கியிருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் இறங்கியிருந்தது. "என்ன செய்கிறீர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"துவக்குச் சுடுகிறேன்," என்றேன்.

டெரிக்கிடம் சொன்னபோது அவனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். "பிஸ்டல் சுடுவது நீரிழிவுக்கு நல்லது என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் நிரூபித்துள்ளார்" என்று கிளப்பின் செய்திமடலில் எழுதினான். நானும் நம்பினேன். சுட்டால் சீனி எரியும் என்று வேலைத்தலத்தில் நாலு பேருக்கு விளக்கமும் கொடுத்தேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை, ஸ்கொட்லாந்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் லைசென்ஸ் உள்ள பிஸ்டல்களோடு போனான். பிள்ளைகள் பலர் அன்று வீட்டுக்குத் திரும்பவில்லை. அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் மெற்றில்டா வேலையால் வந்து கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

"இண்டைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் கஸ்ரட் ரெண்டு கரண்டி ஊத்தினன்," என்றாள். "ஒருத்தரும் என்னை ஏன் எண்டு கேக்கேல்லை."

நான் அவளுடைய கைப்பையை வாங்கி மேசையில் வைத்தேன்.

"இஞ்சருங்கோ. அதைக் கொண்டுபோய்க் குடுத்துவிடுங்கோ."

"எதை?"

"அலுமாரிக்குள்ள இருக்கிறதை."

நான் அலுமாரி இருந்த அறைக் கதவைப் பார்த்தேன். "அலுமாரிக்குள்ள என்ன இருக்கு?"

"துவக்கு. வேற என்ன இருக்கு?"

"ஓ... துவக்கு."

"வேண்டாம். வீட்டில வேண்டாம். அந்தப் பிள்ளையளின்ரை முகத்தைப் பாத்துச் சாப்பாடு போட்டிட்டு, இதுக்குள்ள வந்து படுக்க என்னால ஏலாது."

துவக்குப் போனால் சட்டம் போகும். சட்டம் போனால் திறப்பு போகும். திறப்பு போனால் மஸ்கற் போகும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? மஸ்கற்றுக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வாயில் வந்த பெரிய சொல்லைச் சொன்னேன்.

"அது என்ரை உரிமை, மெற்றில்டா."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் அரிசி கழுவினாள். அவள் சண்டை பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் நான் அன்றைக்கே தோற்றிருப்பேன்.

பெரிய சொல்லில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரு தடவை சொன்னால் அதைத் தொடர்ந்து சொல்ல வேண்டிவரும். பிஸ்டல்களைத் தடை செய்யப் போகிறார்கள் என்ற கதை எழும்பியதும் கிளப் பொங்கி எழுந்தது. கூட்டம், ஊர்வலம், பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம். டெரிக் என்னை முன்வரிசையில் இருத்தினான். "யுத்தத்தில் இருந்து தப்பி வந்தவரே துவக்கு உரிமையைக் கேட்கிறார்!" என்று ஒலிவாங்கியில் சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழும்பி நின்று கும்பிட்டேன். யுத்தத்தில் நான் துவக்கைப் பிடித்ததே இல்லை. பங்கருக்குள் மெற்றில்டாவின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு கையெழுத்து வேட்டை. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரம், கோயில் கதவின் இடப்பக்கம் நான் ஒரு தாளோடு நின்றேன். வலப்பக்கம் பார்த்தால் மெற்றில்டா ஒரு தாளோடு நிற்கிறாள்.

"நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

"பிஸ்டலைத் தடை செய்யச் சொல்லிக் கையெழுத்து வாங்கிறன். பள்ளிக்கூடத்தால தந்தவை. நீங்கள்?"

"தடை செய்ய வேண்டாமெண்டு."

"சரி. வெயிலுக்குள்ள நிக்காதேங்கோ. தலை சுத்தும்."

அவளுடைய தாள் நிரம்பி இன்னொரு தாள் எடுத்தாள். அதுவும் நிரம்பியது. என்னுடைய தாளில் மூன்று பேர். ஒன்று டெரிக், முதல்நாளே வைத்தது. இரண்டு நான். மூன்றாவது காது கேளாத செபமாலைமுத்து அண்ணை. திருவிழாவுக்குப் பஸ் பிடிக்கிற பட்டியல் என்று நினைத்து, "எனக்கு யன்னல் ஓர சீற்" என்று பக்கத்தில் எழுதியும் விட்டார்.

நாலாவதாக ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி இன்னொன்று. மெற்றில்டாவின் பள்ளிக்கூடத்துத் தாய். மற்றப் பக்கத்தில் சனம் நெருக்கியதால் என்னிடம் வந்தாள். தாளைப் படிக்கவில்லை. பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். கண் கலங்கியிருந்தது.

"நன்றி," என்றாள். "அம்மாமார் மட்டும்தான் நிற்பார்கள் என்று நினைத்தேன். நீங்களும் நிற்கிறீர்கள்."

இது மற்றத் தாள், அம்மா. இதைச் சொல்ல ஆங்கிலத்தில் நாலே சொல் போதும். எனக்கு அந்த நாலு சொல்லும் தெரியும். நான் தலையை ஆட்டினேன். அவளோடு வந்த பிள்ளை எனக்குக் கை காட்டிவிட்டுப் போனது.

நிமிர்ந்து பார்த்தேன். மெற்றில்டா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய் அந்தத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்தேன். டெரிக்கிடம் மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று முழுக்க நல்ல வெயில்.

பிறகு குசினிக்குப் போனேன். மெற்றில்டா தன்னுடைய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேனையைத் தாரும். நானும் வைக்கிறன்."

"எதிலை?"

"உம்மடை தாளிலை."

"வேண்டாம்."

"ஏன்?"

"முதல் துவக்கைக் குடுத்திட்டு வாங்கோ. பிறகு வையுங்கோ."

"அது வேற, இது வேற..."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அலுமாரிக்குள் அன்றைக்கு இரண்டு பெட்டி மஸ்கற் இருந்தது. முதல்நாள்தான் வாங்கியது. அதை முடித்துவிட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். பிறகு இன்னொரு சனிக்கிழமை வந்தது. தாள்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் என் பெயர் இல்லை. இனி ஒருநாளும் இருக்காது. சீனி வருத்தத்துக்கு மாத்திரை இருக்கிறது. இந்த வருத்தத்துக்கு நான் இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

சட்டம் வந்தது. முதலில் பெரிய பிஸ்டல்கள் போயின. அடுத்ததாக எங்களுடைய சின்ன ரகமும் என்றார்கள். டெரிக் தளரவில்லை. புதிய பட்டியல் ஒன்றை நீட்டினான். சட்டத்துக்குள் அடங்குகிற புதிய சாமான்கள். அதில் ஒன்று, முன்பக்கத்தால் வெடிமருந்து இடித்துச் சுடுகிற பழைய மாடல் பிஸ்டல், புதிதாகச் செய்தது. அதற்கும் லைசென்ஸ், அதற்கும் அலுமாரி. என் உயிர் திரும்பி வந்தது. பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சின்ன எழுத்து ஆங்கிலம் எனக்கு ஓடாது. வழக்கம்போல மெற்றில்டாதான் வாசித்துச் சொன்னாள்.

"இதுக்குக் கருமருந்து வேணும்," என்றாள் கண்ணாடியைச் சரிசெய்து.

"வாங்கினாப் போச்சு."

"அதுக்கு வேறையா ஒரு லைசென்ஸ். பொலிஸ் திரும்பவும் வருவினம்."

"வரட்டும். றோல்ஸ் பொரியும்."

"வந்தால் அலுமாரியைத் திறந்து தட்டுத் தட்டாப் பாப்பினம். எனக்கு முன்னாலைதான் பாக்க வேணுமெண்டு நான் கேட்பன்."

நான் பட்டியலை மடித்தேன். "இந்த மாடல் எனக்கு அவ்வளவு பிடிக்கேல்லை," என்றேன்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு பெப்ரவரி மாதம், கடைசித் தவணைக்குள், பிஸ்டலை ஒப்படைக்கப் போனேன். எங்களுக்குக் குறித்த பொலிஸ் நிலையம் வீட்டிலிருந்து தூரம். மெற்றில்டாவும் கூட வந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் டெரிக் நின்றான். தன்னுடைய மூன்று பிஸ்டலையும் மேசையில் வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனான். அவன் உண்மையாகவே அதை நேசித்தவன். அவன் அழுததில் எனக்குக் கோபம் வரவில்லை. என்னிடம் அழுவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. பொலிஸ்காரர் பிஸ்டலுக்கு ஒரு சீட்டுக் கட்டினார். எனக்கு ஒரு துண்டு தந்தார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு பின்னேரம் முடிந்திருக்க வேண்டிய ஐந்து நிமிடம்.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை.

"மெற்றில்டா, உம்மட்டை ஒண்டு சொல்ல வேணும். எனக்குத் துவக்கில விருப்பம் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை."

"பின்னை?"

"அலுமாரிக்குத்தான். அலுமாரிக்குள்ள... மஸ்கற் வைச்சிருந்தனான்."

"தெரியும்."

"தெரியுமோ? எப்ப இருந்து?"

"முதல் மாசத்திலயிருந்து. துவக்குத் துடைச்ச துணியை ஆர் தோய்ச்சது? நெய் மணந்தது. துவக்குக்கு நெய் பூசுற ஆக்களை நான் காணேல்லை."

"அப்ப றோஸ்மலரட்டைப் போய்ச் சண்டை பிடிச்சிருப்பீரே!"

"ஏன் சண்டை? போய்க் கேட்டன். இவருக்கு விக்காதே எண்டால் நீங்கள் வேற கடைக்குப் போவீங்கள். அதால, விடு, இவருக்குக் குடுக்கிறதை நான் செய்து தாறன் எண்டன். சனிக்கிழமை நீங்கள் சுடப் போன பிறகு கிண்டினனான். சீனி போடேல்லை. சீனி வருத்தக்காரருக்கு விக்கிற தூள்தான் போட்டனான்."

கசப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியது. இரத்தத்தில் சீனி ஏன் இறங்கியது என்றும் விளங்கியது. ஒரு முழுக் கிளப்பும் என்னை நம்பிச் செய்திமடல் அடித்திருந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

மெற்றில்டா யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"துவக்கு எண்டால் உங்களுக்கு உயிரெண்டு நினைச்சன். பலகாரம் வைக்க அது ஒரு வசதியான இடம், அதால அதுக்குள்ள வைக்கிறியள் எண்டு நினைச்சன். ஆசைப்பட்டுக் கேட்ட மனிசன், பிடுங்கக் கூடாது எண்டுதான் ஒரு தடவை கேட்டிட்டு விட்டனான்." இப்போது என் பக்கம் திரும்பினாள். "நான் கிண்டின மஸ்கற்றுக்கோ, அண்டைக்கு எனக்கு எதிர்ப்பக்கம் நிண்டனீங்கள்?"

அவள் சத்தம் போடவில்லை. முன் சீற்றில் இருந்த கிழவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். தமிழ் தெரியாதவர். ஆனால் அவருக்கும் விளங்கிய மாதிரி இருந்தது.

அந்தத் தாயைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். கிழித்த தாளைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நான் தொடங்குவதற்குள் மெற்றில்டா எட்டி மணியை அடித்தாள். எங்கள் தரிப்பிடத்துக்கு இன்னும் நாலு தரிப்பிடம் இருந்தது. என்னோடு ஒரே பஸ்ஸில் இருக்கவும் மனமில்லாமல் போய்விட்டதோ என்று நானும் அவசரமாக எழும்பினேன்.

"எங்கை போறீர்? நில்லும், நான் சொல்லி முடிக்கேல்லை!"

"நடந்துகொண்டு சொல்லுங்கோ," என்றாள் மெற்றில்டா, என்னுடைய கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டு. "டொக்டர் உங்களை ஒரு நாளைக்கு ரெண்டு மைல் நடக்கச் சொன்னவர்."